ஏழு நாளில் ஏழு ஊரா? ராஜஸ்தான் கிளம்பும் தஞ்சாவூர்க் குடும்பத்துக்கு

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மாமியாருக்கு 68 வயது. சமதரையில் நன்றாக நடப்பார், படி ஏறினால் முழங்கால் வலிக்கும். ராஜஸ்தான் போக வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் ஆசை. ஒரு டிராவல்ஸ்காரர் மே மாதத்துக்கு ஏழு நாள் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: ஜெய்ப்பூர், அஜ்மீர், புஷ்கர், உதய்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர், திரும்ப ஜெய்ப்பூர். நடுவில் ஒரு ராத்திரி பாலைவனக் கூடாரம், ஒட்டகச் சவாரி. பாலைவனத்துக்கு இன்னொரு நாள் கேட்டால், “வெறும் மணல்தானே மேடம், ஒரு சாயங்காலம் போதும்” என்கிறார். ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே தங்க வேண்டும் என்று மகள் கேட்கிறாள். மாமியார் சுத்த சைவம். எங்கள் யாருக்கும் இந்தி வராது. பத்து நாள் வரை விடுப்பு எடுக்க முடியும். இந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கட்ட வேண்டாம். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், தேதியையும் ஊர்களையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். ராஜஸ்தான் பயணம் போட்டுக் கொடுப்பதும், குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் வருவதும்தான் என் தொழில். உங்கள் திட்டத்தில் இரண்டு விஷயங்கள் கட்டாயம் மாற வேண்டும். ஒன்று மே மாதம். இன்னொன்று ஊர்களின் எண்ணிக்கை.

முதலில் மாதம். மே மாதத்தில் ஜெய்சல்மேரில் பகல் வெயில் 42 டிகிரியை ஒட்டி இருக்கும், சில நாள் 45-ஐத் தாண்டும். ‘லூ’ என்று ஒரு அனல்காற்று மதியத்தில் வீசும். தஞ்சாவூர் வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் வியர்க்கும். அங்கே வியர்வை தெரிவதற்குள் காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. கோட்டைகள் எல்லாம் கல். காலை பத்து மணிக்கே சூடேறிவிடும். உங்கள் மாமியாரையும் ஆறாம் வகுப்புப் பையனையும் அந்த வெயிலில் கூட்டிப் போனால், பாதி நாள் ஓட்டல் அறை ஏசியில்தான் கழியும். மே மாதத்தில் ஓட்டல் வாடகை பாதியாகக் குறைவதற்குக் காரணம் அதுதான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அந்தப் பக்கத்துக்கு ஏற்ற காலம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வரும். ஆனால் நாடே அந்த வாரத்தில்தான் அங்கே போகிறது. அறை வாடகை ஏறிவிடும், சில இடங்களில் 31-ஆம் தேதி விருந்துக்கும் சேர்த்துக் கட்டாயக் கட்டணம் வாங்குவார்கள். பொங்கலுக்கு வீட்டில் பானை வைக்காமல் கிளம்ப உங்கள் மாமியார் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் வேண்டாம். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்புங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் நான்கைந்து நாள் விடுப்புச் சொல்ல வேண்டியிருக்கும், குடியரசு தின விடுமுறை ஒன்று கூட வரும். மகளுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அதனால் இந்த ஜனவரியை விட்டால் அப்புறம் நாள் கிடைப்பது கடினம். விடுப்பு கிடைக்கவே வழியில்லை, டிசம்பர்தான் என்றால் ஒரு யோசனை: பயணத்தைத் தலைகீழாக வைத்து, முதலில் ஜெய்சல்மேர் போய்விடுங்கள். புத்தாண்டுக் கூட்டம் அங்கே வந்து இறங்கும்போது நீங்கள் ஜெய்ப்பூருக்கு வந்திருப்பீர்கள்.

இனி ஊர்கள். அந்த ஏழு ஊரையும் வரிசையாகச் சுற்றினால் கார் ஓடும் தூரம் 1,600 கி.மீ.-ஐ ஒட்டி வரும். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஐந்து மணி நேரம், ஜெய்சல்மேரிலிருந்து பிகானேர் கிட்டத்தட்ட ஆறு, பிகானேரிலிருந்து ஜெய்ப்பூர் இன்னொரு ஆறு. தினமும் காலையில் பெட்டி கட்டி, ராத்திரி பெட்டி பிரிப்பதுதான் நடக்கும். உதய்பூர் அருமையான ஊர், சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சித்தூர், கும்பல்கர், ராணக்பூரோடு சேர்த்துத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அஜ்மீர், புஷ்கர், பிகானேரையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஜெய்ப்பூரில் இரண்டு ராத்திரி, ஜோத்பூரில் மூன்று, ஜெய்சல்மேரில் மூன்று. உங்கள் பத்து நாளுக்குள் அடங்கிவிடும்.

ஜெய்சல்மேருக்கு ஏன் மூன்று ராத்திரி என்று உங்கள் டிராவல்ஸ்காரர் கேட்பார். அவர் சொன்ன “வெறும் மணல்” விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பயணம் நன்றாக அமைவதும் வீணாவதும் அதில்தான் இருக்கிறது. தார் பாலைவனத்தில் மணல்மேடு ஒரு பகுதிதான். மீதி எல்லாம் கல்தரை, புதர்க்காடு, மேய்ச்சல் நிலம், நடுநடுவே வயல். உலகத்துப் பாலைவனங்களில் ஜனங்கள் நெருக்கமாக வாழும் பாலைவனம் இதுதான். அந்தப் பெரிய கோட்டைகளும் மாளிகைகளும் இந்தப் பாலைவனத்தால் உண்டானவை. ஜெய்சல்மேரை ராவல் ஜெய்சல் 1156-இல் நிறுவினார். சிந்து, முல்தான் பக்கமிருந்து குஜராத்துக்கும் தில்லிக்கும் போன ஒட்டக வணிகக் கூட்டங்கள் அந்த ஊரைத் தொட்டுத்தான் போயின. அவர்கள் கட்டிய சுங்கமும், அவர்களுக்குக் கடன் கொடுத்து வாங்கிய வட்டியும்தான் நீங்கள் பார்க்கப்போகும் மஞ்சள் கல் மாளிகைகளாக நிற்கின்றன. கடல் வாணிகம் பம்பாய்ப் பக்கம் போனதும் ஊர் தளர்ந்தது. 1947-இல் எல்லை விழுந்ததும் அந்தப் பாதையே அடைபட்டது. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு மணலில் ஒரு சாயங்காலம் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினால், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது தெரியாமலே போய்விடும். அதைப் பார்க்கத்தான் அந்தக் கூடுதல் நாட்கள்.

ஜெய்ப்பூரைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727-இல் கட்டம் போட்டு அமைத்த நகரம் அது. ஆமேர் கோட்டைக்கு ஜீப்பில் ஏறுங்கள். யானைச் சவாரி வேண்டாம். அந்தச் சரிவில் நாள் முழுக்க ஆட்களைச் சுமக்கும் யானைகளின் நிலைமை நல்லதாக இல்லை. ஹவா மஹாலைத் தெருவிலிருந்தே பாருங்கள், அதன் அழகு முகப்பில்தான். கடைத்தெருவுக்கு ஆட்டோக்காரர் கூட்டிப் போகும் ரத்தினக்கல் கடைகளில் எதுவும் வாங்காதீர்கள். கமிஷன் வியாபாரம் அது.

ஜந்தர் மந்தரில் மட்டும் நிதானமாக இருங்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் ஜெய்ப்பூரில் கிடையாது. சாம்ராட் யந்திரம் என்று 27 மீட்டர் உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. அதன் நிழல் விழும் வளைவுப் பகுதிக்குப் பக்கத்தில் மகனை நிற்கவைத்து, நிழலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நிழல் நகர்வது கண்ணுக்கே தெரியும். பூமி சுற்றுவதை நேரில் பார்ப்பது அதுதான். அப்புறம் அதில் நேரம் பார்த்துக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடட்டும். ஜனவரியில் அரைமணிக்கும் மேல் பின்தங்கிக் காட்டும். கருவியில் பிழை இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, ஜெய்ப்பூர் அதற்கு வெகு மேற்கே இருக்கிறது. ஜனவரியில் சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் சில நிமிடம் தள்ளிப்போகும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வித்தியாசம். ஒன்பதாம் வகுப்பு மகள் தம்பிக்கு இதை விளக்கிவிடுவாள்.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டை. ராவ் ஜோதா 1459-இல் தொடங்கியது. ஊரிலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த பாறைமேல் இருக்கிறது. மாமியாருக்கு வாசலிலேயே லிப்ட் உண்டு, தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். அவரை லிப்டில் அனுப்பிவிட்டு, நீங்கள் நான்கு பேரும் நடந்து ஏறுங்கள், ஏனென்றால் வழியிலேதான் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கடைசி வாசலுக்கு ‘லோஹா போல்’ (இரும்பு வாசல்) என்று பெயர், அதன் முன்னால் பாதை சட்டென்று திரும்பும். யானை ஓடிவந்து கதவை முட்ட வேகம் எடுக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கதவில் இரும்பு முட்கள். அந்த வாசல் சுவரில் செந்தூரம் பூசிய சிறிய சிறிய கைத்தடங்கள் வரிசையாக இருக்கும். 1843-இல் ராஜா மான்சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறப் போன அவருடைய மனைவிமார் கடைசியாக வைத்துவிட்டுப் போன தடங்கள் என்று சொல்கிறார்கள். கைடுகள் சிலர் அதை வீரக்கதை மாதிரிச் சொல்வார்கள். மகளிடம் நீங்களே உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ராஜஸ்தான் மாளிகைகளின் நுண்ணிய வேலைப்பாட்டைப் பார்க்கிற வயதில், அந்த வீட்டுப் பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியட்டும்.

கோட்டைக்கு ஒட்டினாற்போல் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. டூர் திட்டங்களில் இதைச் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாறை நிலம் முழுக்கச் சீமைக் கருவேல மரம் மண்டிக் கிடந்தது. ஆமாம், நம் ஊர் ஏரி குளங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே மரம்தான். 1930-களில் ஜோத்பூர் மகாராஜா உமேத் சிங், பாலை பசுமையாகட்டும் என்று விமானத்திலிருந்து அதன் விதைகளைத் தூவச் செய்தார். எந்த நாட்டு மரத்தையும் வளரவிடாமல் அது பரவிவிட்டது. 2006-இல் இதை மீட்கும் வேலை தொடங்கியபோது, மேலே வெட்டினால் மறுபடி துளிர்த்தது. வேரைப் பாறைக்குள்ளிருந்து எடுக்க யாராலும் முடியவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்துக் கல் உடைக்கும் தொழிலாளர்கள், கண்ட்வாலியாக்கள் என்று பெயர், அவர்கள்தான் செய்தார்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, அது எழுப்பும் ஓசையைக் கேட்டே எங்கே பிளக்கும் என்று கண்டுபிடித்து, உளியால் குடைந்து வேரை எடுத்தார்கள். அப்படி எடுத்த குழிகளில் இன்று பாலை நிலத்துக்கே உரிய செடிகள் நிற்கின்றன. டெல்டாவிலிருந்து போகும் உங்களுக்கு இந்த இடம் வேறு யாருக்கும் புரிவதைவிட நன்றாகப் புரியும்.

ஜோத்பூரிலிருந்து முக்கால் மணி தூரத்தில் கேஜர்லி கிராமம். 1730-இல் அரண்மனை வேலைக்காக மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு தடுத்தார். அவரும் அவரைத் தொடர்ந்தவர்களுமாக 363 பிஷ்னோய் மக்கள் (மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமய நெறியாகக் கொண்டவர்கள்) வெட்டுப்பட்டு இறந்தார்கள். அவர்கள் காத்த கேஜ்ரி மரம் நம் வன்னி மரமேதான். உங்கள் மாமியார் பிள்ளையாருக்கு வன்னி இலை சாத்தியிருப்பார். கிராமத்தில் அந்த மரத்தடியில் அவரைக் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். இதன் காயைக் காயவைத்துத்தான் ‘கேர் சாங்ரி’ என்கிற பொரியல் செய்கிறார்கள். பஞ்ச காலங்களில் அந்த ஊர் மக்களைக் காப்பாற்றிய உணவு அது. ‘பிஷ்னோய் சஃபாரி’ என்று ஜீப்பில் கூட்டிப்போய், ஒரு வீட்டில் அபின் கரைத்துக் காட்டும் சடங்கை நடத்திக் காசு வாங்குவார்கள். அது வேண்டாம். காரிலேயே கேஜர்லி போய், நினைவிடத்தைப் பார்த்து, வழியில் வயலில் மேயும் வெளிமான்களைப் பார்த்துத் திரும்பினால் போதும்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் நாளில் விடியற்காலையிலேயே கிளம்பி, பலோதி பக்கம் கீச்சன் கிராமம் வழியாகப் போங்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் தயங்காதீர்கள். குளிர்காலத்தில் மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான கர்கரா நாரைகள் அங்கே வந்து இறங்குகின்றன. ஊர் சமணக் குடும்பங்கள் தலைமுறையாகத் தானியம் போட்டு வருகிறார்கள். தானியம் தின்ற பிறகு பறவைகள் பக்கத்துக் குளக்கரைகளில் கூட்டம் கூட்டமாக நிற்கும். 2025-இல் கீச்சன் ‘ராம்சர்’ என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பையனுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

ஜெய்சல்மேர் வந்தால் முதலில் கோட்டைக்குள் தங்கும் விஷயம். மகளின் ஆசை நியாயமானது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கும் கோட்டை அது. ஆனால் கோட்டை நிற்கும் குன்று கெட்டிப் பாறை கிடையாது, நீர் பட்டால் இளகும் மண்ணும் கல்லுமாக அடுக்கடுக்காக இருக்கிறது. ஊரில் மழையே அபூர்வம், வீட்டுக்கு நாலு குடம் தண்ணீர் புழங்கிய காலத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய் வந்து, அப்புறம் விடுதிகள் வந்து, அறைக்கு அறை குளியலறை வந்தபின், கழிவுநீர் அடியில் கசிந்து கொத்தளங்கள் சரியத் தொடங்கின. உலக நினைவுச் சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இதை 1990-களிலேயே சேர்த்தது. நான் கூட்டிப்போகும் யாரையும் உள்ளே தங்க வைப்பதில்லை. கோட்டை எதிரில் தெரியும்படி வெளியே மொட்டைமாடி உள்ள விடுதிகள் நிறைய இருக்கின்றன. விடியும்போது அந்த மாடியிலிருந்து பார்த்தால் கோட்டை முழுசாகத் தெரியும். உள்ளே தங்கினால் அந்தக் காட்சி கிடையாது. இதைக் காரணத்தோடு சொன்னால் மகள் ஒத்துக்கொள்வாள்.

கோட்டைக்குக் காலையிலேயே போங்கள். கல் பாவிய ஏற்றம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மாமியார் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, மெதுவாக நின்று நின்று ஏறட்டும். உள்ளே சமணக் கோயில்களை மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே கொண்டு போகக் கூடாது. சம்பவநாதர் கோயிலுக்குக் கீழே ஞான பண்டார் என்ற சுவடிச் சாலை. பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓலைச்சுவடிகள் அங்கே காக்கப்பட்டிருக்கின்றன. சரஸ்வதி மகால் நூலகம் இருக்கும் ஊரிலிருந்து போகிறவர்கள் நீங்கள், அதைப் பார்க்காமல் வராதீர்கள். மாலையில் பட்வா ஹவேலிகள் என்ற வணிகர் மாளிகைகள், அப்புறம் கடிசர் ஏரி. குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் முழுக்கக் குடித்தது அந்த ஏரியைத்தான்.

மறுநாள் பாலைவனம். ‘சம்’ மணல்மேடு பக்கம்தான் எல்லாரும் போவார்கள். சாயங்காலம் அங்கே ஜீப்புகள் மணலில் பாயும், கூடாரங்களில் டிஜே பாட்டு நள்ளிரவு வரை அலறும். தெற்கே குரி கிராமப் பக்கம் போங்கள். மணல்மேடு சிறியதுதான், ஆனால் அமைதி இருக்கும். ஜனவரி இரவில் வெப்பம் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும், சில நாள் இன்னும் கீழே போகும். துணிக்கூடாரத்தில் மாமியாரைப் படுக்கவைக்காதீர்கள். மண்சுவர் வைத்து, கூரை வேய்ந்த, குளியலறையோடு கூடிய குடிசை அறைகள் குரியில் கிடைக்கும். எல்லாருக்கும் ஸ்வெட்டர், உள்ளே போடும் தெர்மல், மஃப்ளர், சாக்ஸ் வேண்டும்.

ஆனால் மணலுக்குப் போகும் முன், பகலில் குல்தரா, காபா பக்கம் அரை நாள் செலவிடுங்கள். பாலிவால் பிராமணர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைவிட்டுப் போன கிராமங்கள் அவை. பேய்க்கதை சொல்லி டிக்கெட் விற்கிறார்கள். கிணறுகள் வற்றியதும் வரிக்கொடுமையும்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த மக்கள் விட்டுப்போன பெரிய சொத்து அந்தக் காலி வீடுகளுக்கு வெளியே இருக்கிறது, அதற்கு ‘கடீன்’ என்று பெயர். டிரைவரிடம் அந்தப் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் ஊரில் கரை போட்டு ஏரியில் நீரைத் தேக்கி, மதகு வழியாகக் கீழே வயலுக்கு விடுவோம். கடீனில் வயல் ஏரிக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் மேடான கல்தரை, தாழ்வான பக்கத்தில் சில நூறு மீட்டர் நீளத்துக்கு மண்கரை, ஓரத்தில் மிகுந்த நீர் போக ஒரு கலிங்கு. வருடத்துக்கே 200 மி.மீ.கூடப் பெய்யாத இடம் அது. உங்கள் ஊரில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெய்யும் அந்த இரண்டு மூன்று மழையும் கல்தரையில் நிற்காமல் வழிந்து, வண்டலையும் அடித்துக்கொண்டு கரைக்குள் வந்து தேங்கும். மழைக்காலம் முடிந்து நீர் மண்ணுக்குள் இறங்கியதும், அந்த ஈரத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அப்புறம் அறுவடை வரை ஒரு சொட்டு நீர் பாய்ச்சுவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து இந்த முறை நடக்கிறது. நல்ல மழை பெய்த வருடம் என்றால் ஜனவரியில் நீங்கள் போகும்போது பயிர் பச்சையாக நிற்கும். கரையின் இந்தப் பக்கம் சரளைக்கல்லும் முள்செடியும், அந்தப் பக்கம் கோதுமை. கரையில் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் இன்னும் ஈரம் இருக்கும். காவிரித் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருந்து பழகிய குடும்பத்துக்கு அங்கே பார்க்கவும் பேசவும் நிறைய இருக்கிறது. “வெறும் மணல்” என்று சொன்னவர் அந்தக் கரையில் ஏறி நின்றிருக்க மாட்டார்.

ஒட்டகச் சவாரி பற்றி இரண்டு வார்த்தை. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும், நாம் முன்னால் சாய்வோம். உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடிக்கும், அப்போதும் முன்னால்தான் சாய்வோம். இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து, சேணத்தின் முன்கட்டையைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். மாமியாருக்கு ஒட்டக வண்டி கேளுங்கள், மெத்தை போட்டுத் தருவார்கள். அரைமணி சவாரி போதும். கூடவே நடந்து வரும் ஒட்டகக்காரரோடு பேச முயலுங்கள். 2012-இல் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த ராஜஸ்தான் ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் சுமார் இரண்டு லட்சமாகக் குறைந்துவிட்டன. ஜீப்புக்குக் கொடுப்பதைவிட அவருக்குக் கொடுக்கும் பணம் நல்ல பணம்.

ராத்திரி பாட்டுக் கச்சேரி எல்லா இடத்திலும் உண்டு. பாடுபவர்கள் பெரும்பாலும் மாங்கணியார்கள். முஸ்லிம்களான அவர்கள், தலைமுறை தலைமுறையாக இந்து ராஜபுத்திரக் குடும்பங்களின் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பாடி வருகிறவர்கள். கிருஷ்ணன் மேலும் பாடுவார்கள், சூஃபிப் பாட்டும் பாடுவார்கள். விருந்தினர் கேட்கிறார்கள் என்று இப்போது சினிமாப் பாட்டு பாடவேண்டி வருகிறது. விடுதிக்காரரிடம் முன்பே சொல்லுங்கள்: ஒலிபெருக்கி வேண்டாம், இரண்டு மூன்று பேர் போதும், கமைச்சா வாசிப்பவர் ஒருவர் வேண்டும், அவர்களுடைய சொந்தப் பாட்டு வேண்டும். கமைச்சா என்பது தோல் போர்த்திய குடத்தோடு வில்லால் வாசிக்கும் கருவி. ஹமீரா கிராமத்து சாகர் கான் அதை வாசித்துத்தான் 2012-இல் பத்மஸ்ரீ வாங்கினார். நம் மோர்சிங்கையும் அங்கே மோர்சங் என்று வாசிப்பார்கள். முடிந்ததும் பணத்தைக் கலைஞர்கள் கையிலேயே கொடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், சுத்த சைவ உணவகம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அரிசிச் சோறுதான் அரிது. ‘பாட்டி’ என்று அங்கே சொல்லும், கெட்டியாகச் சுட்ட கோதுமை உருண்டை மாமியாரின் பல்லுக்கு ஒத்துவராது. நெய்யும் பருப்பும் ஊற்றி நொறுக்கித் தரச் சொல்லுங்கள், அல்லது கம்பு கிச்சடி கேளுங்கள். பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கையில் இருக்கட்டும். குளிரில் தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உதட்டுக்கும் மூக்குக்கும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், வறட்சியில் வெடிக்கும்.

மொழியும் பெரிய சிக்கல் இல்லை. விடுதிகளிலும் கோட்டைகளிலும் ஆங்கிலம் செல்லும். மெஹ்ரான்கரில் ஆங்கில ஒலி வழிகாட்டி கிடைக்கும். மகள் அதைக் கேட்டுப் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும், அதைவிட நல்ல கைடு கிடைக்க மாட்டார். ஜெய்சல்மேரில் மட்டும் அரசு அடையாள அட்டை வைத்திருக்கும் கைடு ஒருவரை அரை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தனோட் கோயில், லோங்கேவாலா போர்முனை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 1971 போர் நடந்த இடம், மகனுக்குப் பிடிக்கும்தான். ஆனால் ஒரு முழு நாள் காரிலேயே போய்விடும். இந்த முறை வேண்டாம்.

உங்கள் டிராவல்ஸ்காரரிடமே புதிய திட்டத்தைக் கொடுத்து விலை கேட்கலாம், தவறில்லை. டிரைவர் பேட்டா, அவர் ராத்திரி தங்கும் செலவு, டோல், பார்க்கிங், கோட்டைகளின் நுழைவுக் கட்டணம், லிப்ட், ஒட்டகம் இதெல்லாம் தொகையில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குரியில் கூடாரம் வேண்டாம், மண்சுவர் அறைதான் வேண்டும் என்பதையும், கீச்சன் வழியாகத்தான் கார் போகும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். போகும்போது சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு விமானம் வைத்துக்கொண்டு, திரும்புவதற்கு ஜோத்பூரிலிருந்து பாருங்கள். விடுப்பு இன்னும் இரண்டு நாள் நீளுமானால், ஜோத்பூர் பகத் கி கோட்டி நிலையத்திலிருந்து மன்னார்குடிக்கே வாராந்திர ரயில் வருகிறது. இரண்டு ராத்திரிப் பயணம், மன்னார்குடியில் இறங்கினால் தஞ்சாவூர் பக்கம்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமே, அதனால் திறந்த அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள்.